பொத்தான் டப்பா

ஒரே அளவான இரண்டு தம்ளர்களில் ஒரே அளவு பழச்சாறு. அவற்றில் ஒன்றை மட்டும் உயரமான, ஒல்லிக் கண்ணாடிக் குவளைக்கு மாற்றி ஊற்றினார் பேராசிரியை. குழந்தை உளவியல் அவருடைய பாடம்.

"இப்ப எதுல அதிகம்?"

"உயரமானதுல!" என்றாள் அவருடைய ஐந்து வயது மகள் பொம்மி.

"ரெண்டும் ஒண்ணுதான் பெரியம்மா. அதைத்தானே இதுல ஊத்துனீங்க?" என்றாள் ஓரகத்தியின் மகள் சுண்டு. பொம்மியைவிட இரண்டு மாதம் இளையவள்.

பேராசிரியைக்கு வயிறு எரிந்தது. கீழ்வீட்டு ஓரகத்தி தையல்காரி. அவள் புரட்டும் ஒரே புத்தகம் இடுப்பளவு எழுதும் நோட்டு.

"எப்படிச் சொல்லிக் குடுத்தே?" என்று அவளிடமே கேட்டார்.

"நான் எங்கக்கா சொல்லிக் குடுத்தேன்? நாள் பூரா என் பொத்தானை டப்பாவுக்கு டப்பா கொட்டிட்டு இருப்பா. தொல்லை விட்டதுன்னு நானும் கண்டுக்கறதில்ல."

அவள் பெருமையாவது அடித்திருக்கலாம். அடிக்காததுதான் இன்னும் எரிந்தது.

மறுநாள் வகுப்பில், "பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்ற அறிவு ஆறேழு வயதில் தானாக வரும். எந்தக் குழந்தையையும் இன்னொரு குழந்தையோடு ஒப்பிடாதீர்கள்!" என்று மேசையைத் தட்டிச் சொன்னார். மாணவிகள் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய கையோடு பொம்மியைப் பிடித்து உட்காரவைத்தார்.

"எதுல அதிகம்?"

"உயரமானதுல."

"இல்லடி! ரெண்டும் ஒண்ணுதான். சொல்லு."

சரியாகச் சொன்னால் முத்தம். தப்பாகச் சொன்னால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். பத்தே நாளில் பொம்மி தப்பாகச் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சொந்தபந்தங்களைக் கூட்டினார் பேராசிரியை. இரண்டு தம்ளரில் ஒன்றின் பழச்சாற்றைக் குவளைக்கு மாற்றிவிட்டு, தொண்டையைச் செருமி, குழந்தையின் மனவளர்ச்சி பற்றிச் சிறியதாய் ஒரு சொற்பொழிவைத் தொடங்கினார். அது நீண்டது. தாகமெடுத்த சுண்டு, மற்றத் தம்ளரில் இருந்ததில் பாதியைக் குடித்தே விட்டாள். பேராசிரியையின் கண் சபையின் மேல் இருந்தது.

"பொம்மி, எதுல அதிகம்?"

பொம்மி பாதித் தம்ளரைப் பார்த்தாள். நிறைந்த குவளையைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்."

பொம்மியின் சித்தப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. திரும்பிப் பார்த்த பேராசிரியைக்கு முகம் சிவந்துவிட்டது.

"தம்ளர்ல பாதிதானேடி இருக்கு! கண்ணு தெரியல?"

"தெரியுதும்மா. வேற சொன்னா நீ மூஞ்சியத் திருப்பிக்குவியே."

சிரிப்பு அடங்கிப்போனது. பேராசிரியை மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஓரகத்தியை நிமிர்ந்து பார்த்தார்.

"உன் பொண்ணு மேல பொறாமைப்பட்டேன்டி. அறிவு சொல்லித் தர்றேன்னு இவளுக்குப் பயத்தைச் சொல்லித் தந்திருக்கேன். கண்ணால பார்த்ததைக்கூடச் சொல்ல மாட்டேங்கறா. குழந்தை அது நேரத்துல அது வளரும்னு ஊருக்கெல்லாம் சொன்னேன், எனக்குச் சொல்லிக்கல." மகளின் தலையைக் கோதினார். "அந்தப் பொத்தான் டப்பாவை இவளுக்கும் கொஞ்சம் குடேன்."

"தாராளமா எடுத்துக்கட்டும் அக்கா," என்றாள் தையல்காரி. "நீங்க மட்டும் பக்கத்துல உக்காராதீங்க."