யோசிக்காமல் 'ஆமாம்' அழுத்தவும்

மவுஸ் மறுபடியும் என் கையிலிருந்து போய்விட்டது.

"இங்க பாருங்க மேடம். இதைத் தட்டுறீங்க, இப்படி இழுக்கிறீங்க, இங்க விடுறீங்க. இவ்வளவுதான்!"

திரையில் ஏதோ திறந்தது, ஏதோ மூடியது, ஒரு வட்டம் வந்து உட்கார்ந்தது. நான் கண்ணைச் சிமிட்டி முடிப்பதற்குள் பயிற்சியாளர் மவுஸை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அங்கே சரித்திர டீச்சரின் மவுஸ் பறிபோனது.

"இவ்வளவுதான் டீச்சர்!"

பயிற்சி தொடங்கிய அன்று சாயங்காலத்துக்குள்ளேயே அவருக்கு 'இவ்வளவுதான்' என்று பெயர் வைத்தாகிவிட்டது. வைத்தவர் சரித்திர டீச்சர். "பாவம், நல்ல மனுஷன்தான். கைதான் சும்மா இருக்காது" என்றார். எனக்குப் பாவமாக எல்லாம் இல்லை. கரும்பலகைக்கு வருகிற பிள்ளையின் கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்கி, கணக்கை நானே போட்டுவிட்டு "இவ்வளவுதான்" என்று சொன்னால் அதற்குப் பேர் பாடமா? அந்தப் பிள்ளை என் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கும்.

முதுகைப் பார்த்துக் கற்பதில் எனக்கு நல்ல அனுபவம். கல்லூரியில் ஒரு கணினிக்கு ஒரு கூட்டம். வீட்டில் கணினி வைத்திருப்பவள் நாற்காலியில் உட்காருவாள், அவளுக்குத்தான் வேகமாக வரும். மற்றவர்கள் சுற்றி நிற்போம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அங்கே கணினி பற்றி எனக்குக் கிடைத்தது அத்தனையும் அடுத்தவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கிடைத்ததுதான்.

இதை இந்தப் பள்ளியில் யாரிடம் போய்ச் சொல்வது? "நீ சின்னப் பொண்ணு, உனக்கென்ன, பிறக்கும்போதே கையில போனோட பிறந்தவ" என்பது ஆசிரியர் அறையின் தீர்ப்பு. நான் பிறந்தபோது எங்கள் வீட்டில் கரண்டில் ஓடிய ஒரே பொருள் ஒரு குண்டு பல்பு.

தலைமையாசிரியையும் அதே கட்சிதான். பயிற்சிக்கு முன்னால் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"உங்களுது தற்காலிக வேலை. அது உங்களுக்கே தெரியும். அடுத்த வருஷம் யாரை வெச்சுக்கலாம்னு கல்வி அதிகாரி கேட்கிறாங்க. பயிற்சியோட கடைசி நாள் அவங்க வர்றாங்க. பெரிய திரையில ஒரு பாடம் நடத்திக் காட்டுங்க, உங்க வயசுக்கு அது ஒண்ணும் கஷ்டமில்ல. நல்லா வந்துச்சுன்னா வேலை நிலைக்கும். வரலைன்னா என் கையில ஒண்ணும் இல்ல. கோவிச்சுக்காதீங்க."

கோவிச்சுக்காதீங்க என்று சொல்கிறவர்கள் கோபப்பட வேண்டிய விஷயத்தைத்தான் சொல்வார்கள்.

சரி, பயிற்சியில் உருப்படியாக ஏதாவது கற்றுக்கொண்டு தொலைப்போம் என்று கணினி அறைக்குப் போனால், முதல் நாள் காலை முழுக்கக் 'கல்வியின் எதிர்காலம்' பற்றிப் படம் காட்டினார்கள். விசைப்பலகைகளின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட எடுக்கவில்லை. நடுவில் எல்லாரையும் எழுப்பி நிறுத்திக் கட்டைவிரலைத் தூக்கச் சொல்லிப் புகைப்படம் எடுத்தார்கள். தொடவே விடாத கணினிக்குப் பக்கத்தில் நின்று, எல்லாம் தெரிந்துவிட்ட மாதிரி சிரித்தேன். அந்தப் படத்தில் என் மூஞ்சியைப் பார்த்தால் யாருக்கும் பயிற்சி தர மனசு வராது.

மதியத்துக்கு மேல்தான் உறையைக் கழற்றினார்கள். பள்ளிக்கு மொத்தமும் ஒரே லாகின். கடவுச்சொல்லைச் சுவரில் பெரிதாக ஒட்டியிருந்தார்கள். எந்த மேசையில் உட்கார்ந்தாலும் எல்லாருக்கும் ஒரே ஃபோல்டர்தான் திறக்கும். முன்னால் திரையில் கட்டளை ஒளிர்ந்தது: 'ஒவ்வொருவரும் ஒரு பாடம் தயாரித்து, பயிற்சி 1 என்ற பெயரில் சேமிக்கவும்.'

"வேற பேர் வெச்சா மதிப்பீட்டுல வராது. சரியா 'பயிற்சி 1'. சேவ் பண்ணும்போது ஏதாவது கேட்கும். யோசிக்காம ஆமான்னு அழுத்துங்க" என்றார் இவ்வளவுதான்.

சொன்னதைச் சொன்னபடி செய்வதில் வாத்தியார்களை மிஞ்ச ஆள் கிடையாது. வருடம் முழுக்கப் பிள்ளைகளிடம் அதைத்தானே கேட்கிறோம்.

நான் முக்கோணத்தை எடுத்துக்கொண்டேன். முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் நூற்று எண்பது. கரும்பலகையில் இதைக் காட்ட ஒரு முக்கோணம் வரைவேன், அழிப்பேன், இன்னொன்று வரைவேன். கடைசி பெஞ்ச் கேட்கும், "எல்லா முக்கோணத்துக்கும் இப்படித்தானா டீச்சர்?" ஆமாம் என்பேன். என் வாய்வார்த்தையை நம்பித்தான் அவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

வடிவம் வரையும் அந்தச் செயலியில் தட்டுத்தடுமாறி ஒரு முக்கோணம் போட்டு, மூலையைப் பிடித்து இழுத்தேன். கோடுகள் நீண்டன. மூன்று எண்களும் தாயம் உருட்டின மாதிரி மாறின. கீழே கூட்டுத்தொகை மட்டும் அசையவில்லை. நூற்று எண்பது. ஒல்லியாக இழுத்தேன், நூற்று எண்பது. சப்பையாக நசுக்கினேன், நூற்று எண்பது.

எனக்கு அழுகை வருகிற மாதிரி ஆத்திரம் வந்தது. இப்படி ஒன்று இருப்பதைக் காலையிலேயே காட்டியிருக்கக் கூடாதா? கட்டைவிரலையா தூக்கச் சொன்னீர்கள்?

"முடிஞ்சுதா மேடம்? தள்ளுங்க, நான் சேவ் பண்ணிடுறேன்."

மவுஸ் போயிற்று. திரையில் ஒரு சின்னக் கட்டம் எழும்பியது. படிப்பதற்குள் மறைந்தது.

"அது என்ன கேட்டுச்சு சார்?"

"அது எப்பவும் கேட்கும் மேடம். இவ்வளவுதான்."

மறுநாள் காலை 'பயிற்சி 1' திறந்தேன். கோட்டை ஒன்று வந்தது. பக்கத்தில் ஏதோ ஒரு ராஜா முறைத்துக்கொண்டிருந்தார். என் முக்கோணத்தைக் காணோம்.

"நீங்க சரியா சேவ் பண்ணியிருக்க மாட்டீங்க மேடம். அதான் வேற யாருடையதோ வருது" என்றார் சேவ் செய்த அதே மனிதர்.

 சண்டை போட்டால் "இது தெரியாதா உனக்கு?" என்று வரும். பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து வரைந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா போனை நீட்டியபடி வாசலிலேயே நின்றாள்.

"ஆஸ்பத்திரிக்கு நேரம் வாங்கணுமாம், இதுலதான் போடணுமாம். அப்புறம் டிவியில படம் வரல, பாரு. உங்க அப்பா போன்ல பேசுறது யாருக்கும் கேட்கலையாம்."

"அம்மா, உள்ள வரவாவது விடுறியா?"

"கோவப்படாதடி. உனக்கு இதெல்லாம் ஒரு நொடி வேலை."

முதல் பட்டதாரி என்றால் வீட்டுக்கு ஒரு ரிப்பேர்க்கடை என்று அர்த்தம். அப்பாவின் போனை வாங்கிப் பார்த்தேன். மைக் துளையில் சிமென்ட் அடைத்திருந்தது. அப்பா தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். ஊசியால் குத்தி எடுத்துக் கொடுத்தேன்.

"பாத்தியா? காலேஜ் படிச்ச பொண்ணுன்னா சும்மாவா?" என்று அப்பா அம்மாவிடம் பெருமையடித்தார்.

வீட்டில் எனக்கு எல்லாம் தெரியும். பள்ளியில் ஒரு ஃபைலை சேவ் பண்ணத் தெரியாது. நடுவில் நான் எங்கேதான் இருக்கிறேன் என்று எனக்கே எரிச்சலாக இருந்தது. அடுத்த வருஷம் அந்த வேலை இருக்காது என்றால் இந்தப் பெருமையை அப்பா எங்கே கொண்டுபோய் வைப்பார்?

அதற்கடுத்த நாளும் முக்கோணம் காணாமல் போனது. இந்த முறை பூவின் படமும் மகரந்தம் பற்றி நான்கு வரிகளும். மறுபடி வரைந்தேன். மதியம் மற்ற ஆசிரியர்கள் சாப்பிடப் போனபோது அதை நானே அழித்துவிட்டு இன்னொரு தரம் வரைந்தேன், இந்தச் சனியனை நான் விடுவதாக இல்லை என்று. அப்போதுதான் ஒரு முக்கோணத்தில் மூன்று எண்களையும் மனசுக்குள் கூட்டினேன். நூற்று எண்பத்தொன்று வந்தது. கீழே நூற்று எண்பது என்று போட்டிருக்கிறது, கூட்டினால் ஒன்று அதிகம்! கணினியே பொய் சொல்கிறதா? பயிற்சியாளரைக் கூப்பிடக் கையைத் தூக்கியவள், இறக்கிக்கொண்டேன். கூப்பிட்டால் மவுஸ் போகும். ஒவ்வொரு மெனுப் பட்டியாகத் திறந்து பார்த்தேன். தேவையில்லாததெல்லாம் திறந்தது, எழுத்தெல்லாம் ஒருதரம் பச்சையாகிப் போனது. கடைசியில் கிடைத்தது. கோணங்களை அது பக்கத்து முழு எண்ணாக மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தது. புள்ளிக்குப் பின்னால் ஓரிடம் காட்டச் சொன்னதும் கணக்கு நேரானது.

நல்லவேளை, யாரும் உதவவில்லை.

கடைசி நாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கணினி அறைக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். அதிகாரி முன் நாற்காலியில், மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு. பக்கத்தில் தலைமையாசிரியை, தன் பிள்ளையை மேடையேற்றிவிட்ட தாய் மாதிரி. பின்வரிசை முழுக்க ஆசிரியர்கள்.

முந்தின மாலை என் கண்ணெதிரே பயிற்சியாளர் சேவ் செய்த 'பயிற்சி 1'-ஐத் திறந்தேன்.

பெரிய திரையில் ஒரு கால்பந்து சுற்றியது.

வேறு எதுவும் இல்லை. பந்து மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். விளையாட்டு வாத்தியார் பின்வரிசையிலிருந்து, "அட, நம்ம பந்து!" என்றார்.

 தலைமையாசிரியை கண்ணை மூடிக்கொண்டார். பயிற்சியாளர் பாய்ந்து வந்தார். "தள்ளுங்க மேடம், நான்..." என்று கை நீண்டது.

"சார், கையை எடுங்க."

கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன். சிரிப்பு நின்றது.

"இது என் வகுப்பு. நீங்க உட்காருங்க."

அவர் அப்படியே பின்னால் போய் உட்கார்ந்தார். நான் பந்தை மூடினேன். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்தேன்.

"போட்டு வெச்ச பாடம் போயிடுச்சு பிள்ளைங்களா. உங்க முன்னாடியே போடலாம். நான் எங்க தப்பு பண்றேன்னு பார்த்துச் சொல்லுங்க."

பிள்ளைகளுக்கு இதைவிடப் பிடித்த வேலை உலகத்தில் கிடையாது. புள்ளி வைத்தேன். "கோணலா இருக்கு டீச்சர்!" கோணலாகவே இருக்கட்டும் என்றேன். கை தானாகப் போயிற்று. இத்தனை தரம் தொலைத்துத் தொலைத்து வரைந்ததில் எந்தப் பட்டி எங்கே என்று விரலுக்கே தெரிந்திருந்தது. மூலையை இழுத்தேன். எண்கள் உருண்டன, புதுப் பக்கம் என்பதால் பழையபடி முழு எண்களாக. கீழே நூற்று எண்பது நின்றது.

கடைசி பெஞ்ச்காரி எழுந்தாள். "டீச்சர், கூட்டினா நூத்தி எண்பத்தொண்ணு வருது. கம்ப்யூட்டர் தப்பு."

தலைமையாசிரியையின் முகம் வெளுத்தது. பின்வரிசையில் பயிற்சியாளர் பாதி எழுந்தார், என்னைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"நீயே வா. நீயே கண்டுபிடி" என்று மவுஸை அவளிடம் கொடுத்தேன். எந்தப் பட்டி என்று வாயால் மட்டும் சொன்னேன். தேடினாள், தப்பாகத் திறந்தாள், மூடினாள். ஐம்பத்து நான்கு என்றிருந்தது ஐம்பத்து மூன்று புள்ளி ஆறு ஆனது. மற்ற இரண்டும் மாறின. வகுப்பே சேர்ந்து கூட்டியது. நூற்று எண்பது!

"முழுசா காட்டாம ரவுண்ட் பண்ணிக் காட்டியிருக்கு டீச்சர்! ஏமாத்து வேலை!" என்று அவள் கத்தினாள். அதிகாரி சிரித்தார்.

முடித்துவிட்டு முதல்முறையாக நானே சேவ் செய்தேன். 'பயிற்சி 1' என்று தட்டியதும் அந்தச் சின்னக் கட்டம் எழும்பியது. இந்தத் தரம் பிடுங்க யாரும் இல்லை. சத்தமாகப் படித்தேன்.

"இதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் உள்ளது. அதை அழித்துவிட்டு இதை வைக்கவா?"

"ஆமான்னு அழுத்துங்க மேடம்" என்றார் பயிற்சியாளர், பழக்கத்தில்.

 பின்வரிசையில் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது.

"அடப்பாவி" என்றார் சரித்திர டீச்சர் விளையாட்டு வாத்தியாரைப் பார்த்து. "என் கோட்டைய இடிச்சது நீங்களா?"

"நான் எங்க டீச்சர் இடிச்சேன்? கேட்டுச்சு, ஆமான்னேன்!"

"என் பூ? நானும் என் மண்டையிலதான் ஒண்ணும் ஏறலைன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்!" என்றார் அறிவியல் சார்.

ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, தனக்கு மட்டும்தான் வரவில்லை என்று வெளியே சொல்லாமல் வெட்கப்பட்டிருக்கிறோம். படித்தவர்கள் என்று எங்களுக்குப் பேர்!

நான் 'இல்லை' அழுத்தினேன். 'ஒன்பதாம் வகுப்பு முக்கோணம்' என்று புதுப்பெயர் தட்டினேன். பந்து பத்திரமாக இருந்தது.

அதிகாரி எழுந்துபோகும்போது தலைமையாசிரியையிடம் சொன்னார், "இந்தக் கணக்கு டீச்சர் இங்கயே இருக்கட்டும். மத்தவங்களுக்கும் இவங்களையே சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்க."

முதல் பாதியில் நெஞ்சு நிறைந்தது. இரண்டாம் பாதியில் பற்றிக்கொண்டு வந்தது. இதற்கும் நான்தானா?

ஆனால் அடுத்த வாரம் அதே அறையில், அதே மேசையில், சரித்திர டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கோட்டையை மறுபடி கட்ட வேண்டுமாம். மவுஸைப் பிடித்து அம்பை மெல்ல, மெல்ல நகர்த்தினார். சேவ் இருக்கும் இடத்தைத் தாண்டிப் போனார். திரும்பினார். மறுபடி தாண்டினார். என் விரல்கள் துடித்தன.

"இதுவா?"

"இல்ல டீச்சர்."

"அப்போ இதுவா?"

"பாருங்க."

"நீயே பண்ணிடேன்மா, உனக்கு ஒரு நொடி வேலை."

இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டேன்.

"முடியாது. படிச்சுப் பார்த்து நீங்களே அழுத்துங்க."