சாட்சிகளோடு பொன்னேரிக்கு

என் மகள் நந்தினிக்கும் அவள் கணவன் வசந்தகுமாருக்கும் நடக்கும் விவாகரத்து வழக்குக்குத் தணிகாசலத்தையும் சந்திரமோகனையும் சாட்சிகளாக அழைத்துப் போனேன். இருவரும் ஊர்ப் பஞ்சாயத்தில் என்னோடு உட்காருகிறவர்கள். எங்கள் ஊரில் ஒரு குடும்பம் பிரிந்தால், தப்பு யார்மேல் என்று கோயில் முன்னால் சொல்லியாக வேண்டும். அதன் பிறகுதான் தப்பில்லாத பக்கத்தில் யாரும் மறுபடி சம்பந்தம் பேசுவார்கள். அந்தத் தீர்ப்பை நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். என் மகளுக்கும் அது கிடைக்க வேண்டும் அல்லவா?

பொன்னேரி கோர்ட் வாசலில் நந்தினி கம்பெனி யூனிஃபார்மோடு நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இன்னா நைனா, கல்யாணத்துக்குப் போற மாதிரி வேன்ல ஆள ஏத்திக்கினு வந்துகீற?"

"சாட்சிம்மா. வசந்தகுமார் உன்ன வெளிய தள்ளிக் கதவச் சாத்துனத கண்ணால பாத்தவங்க."

"இங்க அத யாரும் கேக்க மாட்டாங்க. பிரியறதுக்கு ரெண்டு பேரும் சம்மதம்னு எழுதிக் குடுத்துகீறோம். நீ உள்ள வந்து அவரு மேல தப்புன்னு பேசுனா, அவரு சம்மதம் இல்லன்னுடுவாரு. அப்புறம் வருஷக்கணக்கா நான் இங்க அலையணும்."

"சொல்லாம உட்டா ஊர்ல உன்மேல தப்புன்னுவாங்க."

"சொல்லட்டும். கேஸ் நடந்தா அவரு வக்கீல் என்னக் கூண்டுல ஏத்தி, நைட் ஷிஃப்ட் முடிஞ்சு யார் வண்டில வந்தன்னு கேப்பாரு. நீ உக்காந்துகினு கேப்பியா?"

பஞ்சாயத்தில் நாங்களும் அப்படித்தான் கேட்போம். கேட்காமல் உண்மை எப்படித் தெரியும்? ஆனால் அந்த இடத்தில் நந்தினியை நிறுத்தி நான் யோசித்ததில்லை.

உள்ளே நீதிபதி அம்மா இருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். சுயமாகச் சம்மதிக்கிறீர்களா? வசந்தகுமார், "ஆமாங்க" என்றான், பஸ்ஸுக்கு டிக்கெட் கேட்பவனைப் போல. அதைக் கேட்டு என்னையறியாமல் எழுந்துவிட்டேன்.

"பெரியவர் ஏதாவது சொல்லணுமா?" என்றார் நீதிபதி.

நந்தினி திரும்பவில்லை. அவள் தோள்கள் மட்டும் இறுகின.

"ஒண்ணுமில்லீங்கம்மா. கால் மரத்துப்போச்சு."

வெளியே வந்ததும் தணிகாசலம் ஓடிவந்தார். "இன்னாண்ணே, தப்பு யார்மேலன்னு தீர்ப்பு?"

"அத கேக்கவே இல்ல."

"இன்னா கோர்ட்டுண்ணே இது! ஊர்ல நாம இன்னா சொல்றது?"

நந்தினியைப் புதுவாயலில் இறக்கிவிட வேண்டும். கம்பெனி பஸ் அங்கே வரும். அவளை முன் சீட்டில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் தணிகாசலத்திடம் திரும்பினேன்.

"ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரிஞ்சுட்டாங்கன்னு சொல்லு. அதுக்கு மேல கேக்கறவன என்னாண்ட அனுப்பு."