முதல் சீட்டு

காலை மணி 11.40. ஜவ்வரிசி ஆலையின் எடைமேடைக்கு முன்னால் ஒன்பது வண்டிகள் நின்றன. எல்லாவற்றிலும் மரவள்ளிக் கிழங்கு. நேற்றுக் காலையிலிருந்து ஒன்றும் நகரவில்லை.

எடை அறையில் சப்ரின் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். ஆலையின் புதிய நிரலை எழுதியவள் அவள். கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள்.

"தெறந்ததும் செத்துப்போவுது," என்றார் எடை பார்க்கும் அரங்கநாதன். "சீட்டு இல்லாம எறக்கக் கூடாதுன்னு மொதலாளி ஆர்டர்."

ஜன்னலுக்கு வெளியே செல்லியம்மாள் நின்றாள். வரிசையில் முதல் வண்டி அவளுடையது; கல்வராயன் மலையிலிருந்து வந்தது. ஒரு கிழங்கை ஒடித்துக் காட்டினாள். வெள்ளைச் சதையில் நீல நரம்பு ஓடியிருந்தது.

"நேத்து பால் மாதிரி இருந்துச்சு பாப்பா. இப்ப மாவு பாயிண்ட் இன்னா தேறும்?"

சப்ரின் திரையை விட்டுத் திரும்பவில்லை. வண்டி வந்த நேரத்தைப் பதியும் டோக்கன் ஒரு கிளாஸ், அதாவது நிரலின் ஒரு தனிப் பகுதி. எடை ஒரு கிளாஸ். நிரல் முழுவதற்கும் இரண்டும் ஒன்றே ஒன்றுதான் உருவாக வேண்டும். டோக்கன் உருவாகும்போது எடையைக் கூப்பிட்டது. எடை உருவாகும்போது டோக்கனைக் கூப்பிட்டது. டோக்கன் இன்னும் முடியாததால் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அவள் எழுதியதுதான். இரண்டையும் தனித்தனியாக மட்டும் ஓட்டிப் பார்த்திருந்தாள்.

நாற்காலி பின்னால் சாய எழுந்தாள்.

"கெடச்சிடுச்சுண்ணே. நீ வந்தாதான் நான் வருவேன்னு ரெண்டும் வாசல்லயே நின்னுக்கினு கீதுங்க."

"என் சம்பந்திங்களும் அப்படித்தாம்மா."

"மொதல்ல தனித்தனியா வந்து உக்காரட்டும். அப்பாலிக்கா நான் பேச வெக்கிறேன்."

ஆறு வரிகளை அழித்தாள். நான்கு எழுதினாள். ஓட்டினாள். திரையில் எண்கள் எழுந்தன.

வெளியே யாரோ விசில் அடித்தார்கள். இன்ஜின்கள் ஒவ்வொன்றாக உறுமின. செல்லியம்மாளின் வண்டி மேடை ஏறியது. அரங்கநாதன் மேசையில் தாளம் போட்டார். சப்ரின் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

மாவுச்சத்தைக் கணிக்கத் தொட்டித் தண்ணீரில் மாதிரிக் கிழங்கை எடை போட்டவன் குரல் கொடுத்தான். "இருபத்திரெண்டு."

போன வாரம் இதே கொல்லைக் கிழங்கு இருபத்தெட்டு. பாயிண்ட் இறங்கினால் விலையும் இறங்கும்.

முதல் சீட்டு கரகரவென வந்தது. சப்ரினே கிழித்து ஜன்னல் வழியாக நீட்டினாள். வந்த நேரம் 12.25. பாயிண்ட் 22. செல்லியம்மாள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தாள்.

"நேத்தே வந்துட்டேன்னு இதுல எங்க போட்டிருக்குது பாப்பா?"