இடது கால் சப்பாத்து

சமையலறைத் தொட்டியில் வைத்து அந்த இரும்புச் சப்பாத்தைத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள் அன்ரனெற். பதினொரு மணிக்குச் சவப்பெட்டியை மூடிவிடுவார்கள். அதற்கு முன் தன் மனுசன் பஸ்ரியனின் இடது காலடியில் இதை வைத்துவிட வேண்டும். வாசலில் கார் இரைந்துகொண்டு நின்றது. மகன் மாக்கஸ் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். ஒரு துருப்புள்ளி மட்டும் போகமாட்டேன் என்றது. அவளும் விடவில்லை.

சப்பாத்து என்று வீட்டில் சொல்வார்களே தவிர, அது முழுச் சப்பாத்தில்லை. உள்ளங்கால் அளவுக்கு வளைத்த இரும்புத் தகடு, அதைக் காலோடு இழுத்துக் கட்ட ஒரு தோல்வார், அவ்வளவுதான். வெளிப்பக்கத்து ஓரம் தேய்ந்து மெலிந்திருந்தது. லண்டன் தொழிற்சாலையில் காலில் இரும்புச் சட்டம் விழுந்தபோது முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கியதாம். பாதம் தப்பியது, வேலைக்குக் கட்டிக்கொண்டு போகும் இந்தத் தகட்டினால்தானாம். பஸ்ரியன் சொன்ன கதை அது. அதனால் ஸ்காபரோ வீட்டில் அந்தோனியார் சுருவத்துக்குப் பக்கத்தில், மெழுகுதிரிக்கும் செபமாலைக்கும் நடுவே, அதற்கும் ஓர் இடம் கிடைத்திருந்தது.

எழுபத்தெட்டில் நடந்தது அது. கலியாணம் முடிந்த கையோடு பஸ்ரியன் லண்டனுக்குப் போய்விட்டார். யாழ்ப்பாணத்தில் ஜெசிந்தா பிறந்தாள். நாற்பத்தொரு நாள் இருந்தாள். காய்ச்சலில் போய்விட்டாள். தகப்பன் தூக்காத பிள்ளை. பிள்ளை செத்த முப்பத்தோராம் நாள் பூசைக்காவது வந்துவிடுவேன் என்று பஸ்ரியன் எழுதினார். விமானத்தில் இடமும் போட்டாயிற்று. அந்த ஞாயிறு காலை மெயில் ரயில் வந்து, ஆட்களெல்லாம் இறங்கிப் போய், கூலிக்காரர்களும் போனபிறகும் அன்ரனெற் யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் நின்றாள். தந்தி அடுத்த நாள்தான் வந்தது. "விபத்து. வர இயலாது."

பிறகு கடிதம் வந்தது. புறப்படுவதற்கு முதல்நாள் கடைசி வேலைமுறையைச் செய்துவிட்டுத்தான் போகவேண்டுமென்று ஹாரிஸ் என்ற போர்மன் மறித்துவிட்டானாம். அந்த ஹாரிஸை அன்ரனெற் திட்டாத திட்டில்லை. அவன் வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று மண்ணள்ளித் தூற்றியிருக்கிறாள். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னபோது, மன்னித்துவிடு மகளே என்றார் சுவாமி. அன்றிலிருந்து, விபத்து நடந்த ஆகஸ்ட் முப்பத்தொன்றில் ஒவ்வொரு வருசமும் ஒரு நன்றிப் பூசை: தப்பிய பாதத்துக்காகவும், ஹாரிஸுக்காகவும். யாழ்ப்பாணத்தில், லண்டனில், பிறகு இங்கே. பஸ்ரியன் பக்கத்தில் முழந்தாளிட்டுத் தலையைக் குனிந்துகொண்டிருப்பார். மனுசனுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

ஃபியூனரல் ஹோமில் நல்ல சனம். அன்ரனெற் பெட்டிக்குக் கிட்டப் போய், பஸ்ரியனின் கறுப்புச் சப்பாத்துக்குப் பக்கத்தில் இரும்பை வைத்தாள். அது எண்ணெய் பூசி மினுங்கியது. மருமகள் றஜிதா அவளைப் பிடித்து முன்வரிசையில் இருத்தினாள்.

அப்போதுதான் பத்மநாதன் வந்தார். லண்டனில் பஸ்ரியனோடு ஒரே அறையில் இருந்தவர், இணையத்தில் மரண அறிவித்தலைப் பார்த்துவிட்டு முதல்நாள்தான் வந்து இறங்கியிருந்தார். அன்ரனெற் அவரைப் படத்தில் மட்டும் கண்டிருக்கிறாள். லண்டனில் இருந்த காலத்திலும் அவரை ஒருநாள் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவோம் என்று அவள் வாயெடுத்தால் பஸ்ரியன் கதையை மாற்றிவிடுவார். ஏதோ பழைய மனத்தாங்கல் என்று அவளும் விட்டுவிட்டாள்.

பெட்டியடியில் நின்றவர் காலடியில் இருந்த இரும்பைக் கண்டதும் அழுகையும் சிரிப்புமாக அவளிடம் வந்தார்.

"உதை நீங்கள் இன்னும் எறியேல்லையே, தங்கச்சி? வேறை மனுசி எண்டால் அண்டைக்கே குப்பையிலை போட்டிருப்பா. உங்கடை மனசு ஆருக்கும் வராது."

அன்ரனெற்றுக்கு விளங்கவில்லை. அவர் கோட்டுப் பையிலிருந்து பழுப்பேறிய சின்னப் புத்தகமொன்றை எடுத்து அவள் மடியில் வைத்தார். பெட்டிக்குள் வைக்கத் தானும் ஒன்று கொண்டுவந்ததாகச் சொன்னார். அட்டையில் ஒருவன் மோட்டார் சைக்கிளைச் சரித்து, புழுதி பறக்க வளைந்துகொண்டிருந்தான். கீழே திகதி: வியாழன், ஆகஸ்ட் முப்பத்தொன்று, எழுபத்தெட்டு.

ஸ்பீட்வே என்று சொல்லுவார்கள் என்றார் பத்மநாதன், அவளுக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொல்பவர்போல. பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிள், நாலு பேர், நாலு சுற்று. எப்போதும் இடப்பக்கம்தான் வளைவு, வளைகிற நேரம் இடது காலை மண்ணில் ஊன்றி இழுத்துக்கொண்டு போவார்கள். அதற்குத்தான் அந்த இரும்பு. பார்க்க வருகிறவர்கள் பேனையோடு வந்து, ஒவ்வொரு ஓட்டமும் முடிய யார் முதல், யார் இரண்டாவது என்று இந்தப் புத்தகத்தில் தாங்களே எழுதிக்கொள்வார்கள். அந்த வருசம் முழுக்க இரண்டு பேரும் ஒரு வியாழனும் தவறவிட்டதில்லையாம். பெரிய போட்டிகள் முடிந்தபின் புதியவர்களுக்கும் ஓர் ஓட்டம் விடுவார்கள். கடைசிப் பக்கத்தை விரித்துக் காட்டினார். நாலு பெயர். இரண்டாவது பெயர் பஸ்ரியன். அதற்கு நேரே பேனையால் ஒரேயொரு எழுத்து.

"விழுந்தால் உப்பிடித்தான் போடுறது. நான்தான் எழுதினனான்."

எனக்கு இது தெரியாது என்று அன்ரனெற் அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக ஒன்றை மட்டும் கேட்டாள்.

"ஹாரிஸ் எண்டு ஒராள்?"

"ஐயோ, அவன்தானே பைக் குடுக்கிறவன். நாளைக்குப் பிளேன், இண்டைக்கு ஏறாதை எண்டு எவ்வளவு மறிச்சவன் தெரியுமே? பஸ்ரியன்தான் ஒரேயொரு ஓட்டம் எண்டு காலிலை விழாத குறையாக் கேட்டு வாங்கினவன்."

நாலு சுற்று எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டாள். ஒரு நிமிசத்துக்குக் கொஞ்சம் கூட என்றார் அவர்.

அன்ரனெற் புத்தகத்தை மூடினாள். மோட்டார் சைக்கிள் ஓடியதைக்கூட மன்னித்துவிடலாம், இளந்தாரி, ஆசை கண்ணை மறைத்திருக்கும். ஆனால் இந்த மனுசன் நாற்பத்தேழு வருசம் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தாரே. ஏறாதே என்று மறித்தவனின் தலையில் பழியைப் போட்டு, அவனை மன்னித்து மன்றாடும்படி பெண்சாதியை விட்டுவிட்டு, தானும் ஆமென் சொன்னாரே. குளிர்காலத்தில் அந்தக் கால் இழுக்கிறது என்பார். அவள் எண்ணெய் சூடாக்கி உருவிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார். என்னமாய்ப் பேய்க்காட்டியிருக்கிறார்! பெட்டிக்குள் அமைதியாகக் கிடந்த அந்த முகத்தைப் பிடித்து உலுக்க வேண்டும்போல அவளுக்கு இருந்தது.

மாக்கஸ் ஒலிவாங்கிக்கு முன் போய் நின்று, எழுதிவைத்திருந்ததை வாசிக்கத் தொடங்கினான். தொழிற்சாலை வந்தது. இரும்புச் சட்டம் வந்தது.

"தன்ரை பிள்ளையின்ரை முப்பத்தோராம் நாளுக்குப் போகவிடாமல் மறிச்ச ஹாரிஸையும் மன்னிச்சு, வருசாவருசம் அவருக்காகச் செபிச்சவர் எங்கடை அப்பா."

சனம் தலையாட்டியது. பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பத்மநாதன் மாக்கஸைப் பார்த்தார், பிறகு அன்ரனெற்றைப் பார்த்தார். அவருடைய முகம் வெளிறிப்போனது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அன்ரனெற் வேண்டாம் என்று தலையை அசைத்தாள். மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்கு இன்றைக்கு ஒரு தகப்பன் தேவை.

பெட்டியை மூடுமுன் கடைசியாக அவளைக் கூட்டிப்போனார்கள். தீர்த்தம் தெளித்தாள். நெற்றியில் கொஞ்சுவாள் என்று எல்லாரும் விலகி நின்றார்கள். அவள் குனிந்து அந்தச் சின்னப் புத்தகத்தைப் பஸ்ரியனின் கோட்டுக்குள் செருகினாள். காலடிக்குப் போய் இரும்பை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள்.

"அம்மா, உதை வைக்கிறதெண்டுதானே கொண்டந்தனீங்கள்?" என்றாள் றஜிதா.

"வேண்டாம். அது அங்கை போகத் தேவையில்லை."

சேமக்காலையில் பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போதும் அவள் அழவில்லை. மனுசி அதிர்ச்சியில் இருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது பகல் இரண்டு மணி. சாப்பாட்டுத் தட்டங்கள் வந்து இறங்கத் தொடங்கின. முன்கதவு நிற்காமல் அடிபட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு கையிலும் தட்டத்தோடு நின்ற றஜிதா, கதவுக்கு அண்டைகொடுக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். அன்ரனெற் கைப்பையைத் திறந்தாள். இரும்பை எடுத்துக் கதவுக்கு அடியில் வைத்துக் காலால் ஒரு தள்ளுத் தள்ளினாள். கதவு அசையாமல் நின்றது. றஜிதா இரும்பைப் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள், தட்டத்தைக் கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாக்கஸ் போனைக் காதில் வைத்தபடி வந்தான். ஃபாதர் லைனில் நிற்கிறாராம். அப்பாவின் முப்பத்தோராம் நாள் பூசையை ஏப்ரல் பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை வைக்கலாமா என்று கேட்கிறாராம்.

"வையுங்கோ" என்றாள் அன்ரனெற். "எனக்கு அண்டைக்கு வர ஏலாது."

"என்னம்மா? ஏன்?"

அவள் மேசையில் தண்ணீர்க் குவளைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி அடுக்கத் தொடங்கினாள். மாக்கஸ் போனைக் கையால் பொத்திக்கொண்டு நின்றான். திறந்த கதவால் மார்ச் மாதத்துக் குளிர் உள்ளே வந்தது. சனம் சேறு பட்ட சப்பாத்துகளைக் கழற்றி, அந்த இரும்புக்குப் பக்கத்தில் சோடி சோடியாக வைத்துவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தது.