முழுசாக வந்த டைல்ஸ்

"என் வேலையைப் பிரிக்க எவனைக் கூப்பிட்டிருக்கே?" என்று கேட்டுக்கொண்டேதான் தம்பி வீட்டுக்குள் நுழைந்தான்.

"மெதுவாப் பேசுடா. பெயிண்டர் உள்ளே இருக்கார்," என்றாள் அக்கா.

"எட்டு வருஷம் முன்னாடி உன் சமையலறைச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டிக் குடுத்தேன். ஒரு வரி கோணியிருக்கா, சொல்லு! நூல் பிடிச்ச மாதிரி ஒட்டுறேன்னு போற இடமெல்லாம் என்னை நூல்காரன்னு கூப்பிடுறாங்க. கூடப் பிறந்தவளுக்கு மட்டும் என் டைல்ஸ் கசக்குதா?"

"கசக்கலைடா. வெறும் சுவரா, பெயிண்ட் அடிச்சு வச்சா நல்லாருக்கும்னு தோணிச்சு. இதுக்குப் போய் வேலையை விட்டுட்டு வரணுமா? கிளம்பு. சாயங்காலம் நானே உன் வீட்டுக்கு வர்றேன்."

சொல்லிக்கொண்டே அவள் சமையலறை வாசலை மறித்து நின்றாள். அவன் அவளை விலக்கிவிட்டு உள்ளே போனான்.

பெயிண்டர் வாய் ஓயாத மனிதர்.

"வாங்க, வாங்க. அம்மாவுக்குச் சொந்தமா? இந்தக் கூத்தை வந்து பாருங்க." உளியை ஒரு டைலின் ஓரத்தில் வைத்தார். சுத்தியலை எடுக்கவேயில்லை. உள்ளங்கையால் ஒரு தட்டு. டைல் முழுசாகக் கையோடு வந்தது. "பிரிக்கவே ரெண்டு நாள் ஆகும்னு நினைச்சு வந்தேன். வாழைப்பழத் தோல் மாதிரி உரியுது! மூலைக்கு ஒரு உருண்டை சிமெண்ட், நடுவுல ஒண்ணு. மீதியெல்லாம் காத்து. முதுகு பூராக் கலவை தடவ வேண்டாமா? ஆளைப் பார்த்தா அழகு, வேலையைப் பார்த்தா எழவுங்கிற கதைதான். எந்த மகராசன் ஒட்டினது?"

டைல்ஸ் போன சுவரில் ஐந்தைந்தாகச் சாம்பல் நிறக் கட்டிகள் தெரிந்தன. இதை ஒட்டிய வாரம் அவனுக்கு நினைவுக்கு வந்தது. பெரிய கட்டடம் ஒன்றில் வேலை காத்திருந்தது. அக்கா வீடுதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று ஒரே நாளில் முடித்துவிட்டு ஓடியிருந்தான். வேறு எந்த வீட்டிலும் அவன் அப்படிச் செய்ததில்லை.

"எவனோ கத்துக்குட்டி," என்றான்.

"ஆமா, யாரோ ஒருத்தர்," என்றாள் பின்னால் வந்து நின்ற அக்கா. "பேரு கூட மறந்து போச்சு."

அவனுக்குக் காது சுட்டது. கொல்லைப் பக்கம் போய் நின்றான். அவளும் வந்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாம் மாசமே. கரண்டி மாட்ட ஆணி அடிக்கலாம்னு தட்டினேன். உள்ளே ஒண்ணுமில்லாத மாதிரி தொம்முனு சத்தம்."

"கேட்டிருக்கலாமே அக்கா."

"என்னத்தைக் கேக்க? வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் என் தம்பி வேலைன்னு பீத்திக்கிட்டவ நான். அந்தப் பக்கம் யாரையும் சாய விடாம ஓட்டிட்டேன். போன வாரம் ஒண்ணு கழண்டு அடுப்பு மேல விழுந்துச்சுடா. மருமக ஒரு அடி தள்ளி நின்னதால தப்பிச்சா. அதான், உனக்குத் தெரியாம முடிச்சிரலாம்னு பார்த்தேன்."

அவன் உள்ளே போகத் திரும்பினான்.

"பெயிண்டர்கிட்ட வாயைத் திறந்துராதே. அந்த ஆளு கால் வைக்காத சைட்டே கிடையாது. நாளைக்கே பரவிரும், உன் பேரே போயிரும். நான் சமாளிச்சுக்கிறேன்."

"எட்டு வருஷம் நீ சமாளிச்சது போதும்க்கா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

"அண்ணே, இதை ஒட்டினது நான்தான். நூல்காரன்னு கேள்விப்பட்டிருப்பீங்க."

பெயிண்டர் கையிலிருந்த டைலை மெதுவாகத் தரையில் வைத்தார். ஏதாவது கேலி வரும், வந்தால் தேவலை என்று அவன் காத்திருந்தான்.

"அவங்க?" என்று வாசலில் வந்து நின்ற அக்காவின் பக்கம் தலையசைத்தார்.

"சொந்த அக்கா."

பெயிண்டர் சுவரைப் பார்த்துக்கொண்டே, "கட்டியெல்லாம் எடுக்கணும். பள்ளத்துக்குப் பட்டி வைக்கணும். காஞ்சதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுட்டுத்தான் பிரைமர்," என்றார்.

"கட்டியை நான் எடுக்கிறேன்."

அவர் உளியை நீட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை. அதன் பிறகு பேசவுமில்லை.

டைல்ஸ் போல அந்தக் கட்டிகள் லேசில் வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து அடி வேண்டியிருந்தது.

"கண்ணுல தெறிக்கப் போகுதுடா," என்றாள் அக்கா, வாசலிலிருந்து.

"நீ தள்ளி நில்லுக்கா," என்றான் அவன், திரும்பாமல்.