உப்புக்குள் இருந்த தண்ணீர்

அக்காவுக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. டீயை ஆறவிடாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்பவள். அவளுக்குப் போய் வெடிக்கும் உப்புகள் செய்கிற வேலை. ஆய்வுக்கூடத்தின் மாடியில் அவள் செய்வாள்; கீழே நான் படிகத்துக்குள் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று எக்ஸ்ரேயில் பார்ப்பேன்.

புது உப்பு சூட்டை நன்றாகத் தாங்கியது. இறுக மூடிய குட்டிக் கிண்ணத்தில் கடுகளவு வைத்து இருநூறு டிகிரிக்கு மேல் ஏற்றியும் அசையவில்லை. அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"சமத்து உப்புடி இது. மத்தியானம் மொத்தத்தையும் ஓவன்ல காயவச்சிடுறேன்" என்று ஒரு படிகத்தை என்னிடம் தந்துவிட்டு ஓடினாள்.

மத்தியானம் திரையில் படம் தெளிந்தது. வாயைப் பிளந்தேன். அயனிகள் நூல் பிடித்தாற்போல் வரிசை வரிசையாக. வரிசைகளுக்கு நடுவே, ஒவ்வோர் இடத்திலும் ஒரு தண்ணீர் மூலக்கூறு, இரண்டு பக்கமும் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு. இத்தனை நெருப்பையும் சத்தமில்லாமல் உட்கார வைத்திருப்பது தண்ணீர்! எனக்கு உடம்பு சிலிர்த்தது. கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. மூடிய கிண்ணத்திலிருந்து தண்ணீர் போக வழியில்லை. ஓவனில் திறந்த தட்டில் வைத்தால் போய்விடும்.

கையுறை போட்டிருந்தால் அவள் போனை எடுக்கமாட்டாள். மாடிக்கு ஓடினேன். உப்புத் தட்டு அவள் கையில். ஓவன் கதவு திறந்திருந்தது.

"அக்கா, வைக்காத! அதுக்குள்ள தண்ணி இருக்கு!"

"அதைக் காயவைக்கத்தானே வைக்கிறேன்?"

"அறிவிருக்கா உனக்கு? அந்தத் தண்ணிதான் அதைப் புடிச்சு வச்சிருக்கு. மூடி போடாம கொஞ்சூண்டு வச்சுப் பாரு முதல்ல."

முறைத்தாள். ஆனாலும் தட்டை மெல்ல இறக்கி வைத்தாள். ஒரு துணுக்கை மட்டும் திறந்த கிண்ணத்திலிட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், ஓவனின் அளவுக்கே சூடேற்றினாள். தண்ணீர் போகப்போக எடை குறைந்தது.

"பாத்தியா, ஒண்ணும் ஆகல. சும்மா பயந்து..."

படார்! கிண்ணம் இருந்த இடத்தில் கிண்ணம் இல்லை.

அக்கா தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். தட்டு நிறைய உப்பு.

பிறகு கீழே வந்து என் திரை முன்னால் உட்கார்ந்தாள். "எதுடி அந்தத் தண்ணி?"

காட்டினேன். சின்னச் சிவப்புப் புள்ளி. விரலால் தொட்டுப் பார்த்தாள். அந்த விரலை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். பொறுமையே இல்லாத அக்கா கையை உருவிக்கொள்ளவில்லை.