தூக்கிய கால்

எங்கள் கென்டக்கி மலைப்பக்கத்தில் பாட்டை முடிக்கச் சொல்லி யாரும் வாயைத் திறப்பதில்லை. முன்னால் நிற்பவர் ஒரு காலைத் தூக்குவார். அந்தச் சுற்றோடு எல்லாரும் நிறுத்திவிடுவோம். அறுபது வருஷமாக பாஞ்சோ வாசிக்கும் வெர்லினுக்கு வேதத்தில் சந்தேகம் வரலாம், காலில் வராது.

இது தெரிந்தும் அவருடைய அக்கா மகன் கோய், கித்தாரோடு ஒரு வரிசைப் பெடல்களையும் மேடையில் கொண்டுவந்து பரப்பினான். ஒன்றை மிதித்தால் ராக், இன்னொன்றை மிதித்தால் ரெக்கே. எல்லாவற்றையும் எங்கள் மலை இசையான புளூகிராஸில் கலக்கப்போகிறானாம். விழாத் தலைவி ஓப்பல் முன்பே சொல்லிவிட்டாள்: “ஒரு பாட்டுதான். பாதிப் பேர் நாற்காலிய மடிச்சாங்கன்னா அப்புறம் நீ இந்த மேடைப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது.” நாற்காலியை மடித்தால் பாட்டு பிடிக்காமல் கிளம்புகிறார்கள் என்று அர்த்தம். பத்து வருஷமாக அவன் விரல் தேய்த்தது இந்த ஒரு மேடைக்காகத்தான்.

மதியம் மூன்று மணி. நான் பின்னால் பேஸ் வாத்தியத்தோடு நின்றேன். முன்னால் நின்ற கோய் பெடலை மிதிக்கக் காலைத் தூக்கினான். வெர்லின் கச்சிதமாக முடித்தார். பாட்டு பதினோரு விநாடி. கூட்டம் மரியாதைக்குக் கைதட்டியது.

மறுபடி ஆரம்பித்தோம். மறுபடி தூக்கினான். மறுபடி முடித்தார்.

“மாமா, மிதிக்கத்தான் தூக்குறேன்.”

“எதுக்கோ தூக்கு. நாய்கூட இடம் பாத்துத்தான்டா தூக்கும்.”

மூன்று நாற்காலிகள் மடங்கின. கோய் மல்லாந்து படுத்தான். கித்தாரை வயிற்றில் வைத்து, பின்னந்தலையால் பெடலை முட்டினான். இரண்டு கால்களும் ஆகாயத்துக்குப் போயின.

நான் வெர்லினைப் பார்த்தேன்.

“ரெண்டு காலுக்குச் சட்டம் இல்லப்பா. வாசி.” வேகத்தை இரட்டிப்பாக்கினார்.

கூட்டத்துக்குப் பித்துப் பிடித்தது. ஆட இடம் வேண்டுமே என்று நாற்காலிகளை மடித்து ஓரமாகச் சாய்த்தார்கள். கழுதை வாங்குகிறவன் பல்லைப் பார்ப்பதுபோல ஓப்பல் ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். பாதி தாண்டிவிட்டது. கோய்க்கும் தலைகீழாக அது தெரிந்தது. ஒரு காலை இறக்கினால் மற்றது தூக்கிய கால். பாட்டு முடியும், மேடையும் முடியும். நாற்பது நிமிஷம் இரண்டையும் மேலேயே வைத்திருந்தான். நடுங்கிய கால்களுக்கேற்ப ரெக்கேவும் நடுங்கியது. சனங்களுக்கு அதுதான் அதிகம் பிடித்தது.

நிறுத்தச் சொல்ல ஓப்பல் மேடையேறினாள். பாதி வழியில் அவள் தோளே ஆடத் தொடங்கியது, பிறகு இடுப்பு, பிறகு வலது கால் மேலே போயிற்று.

வெர்லின் முடித்தார்.

“கோய், இருநூத்துப் பதினாலு நாற்காலி...” என்று ஓப்பல் காகிதத்தைப் பிரித்தாள்.

“இரு ஓப்பல். பாட்ட முடிச்சது யார் காலு?” என்றார் வெர்லின்.

“என் காலு.”

“கால் தூக்குறவங்கதானே பாட்டுக்குத் தலைவர். அப்ப இது உன் பாட்டு. உன்னை நீயே விரட்டிக்கப் போறியா?”

ஓப்பல் தன் செருப்பைப் பார்த்தாள். காகிதத்தை நான்காக மடித்தாள். “அடுத்த வருஷம் ரெண்டு பாட்டு,” என்றாள்.

தரையிலிருந்து கோய் கேட்டான்: “மாமா, இப்பக் கால இறக்கலாமா?”

“இறக்கு. ஒவ்வொண்ணா இறக்காத.”